பெட்ரோல் பங்க் கடைகளின் மலிவு உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டிக்கு எரிபொருள் நிரப்ப நிற்கும் சில நிமிடங்களில் கையில் கிடைத்ததை வாங்கித் தின்றுவிட்டு, மீதிப் பயணம் முழுவதும் வயிற்றைத் தடவிக்கொண்டே வருகிறவர்கள் என் பழக்க வட்டத்தில் பலர் இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் சிலரும் உண்டு. இரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பெட்ரோல் பங்க் சாப்பாடு மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மைதானா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உணவு தரம் குறைந்ததா என்பது ஒன்று. அதைத் தின்றால் நோய் வருமா என்பது மற்றொன்று. இறைச்சி குறைவாகவும் மாவும் கொழுப்பும் உப்பும் அதிகமாகவும் சேர்த்துச் செய்த மலிவான சாசேஜ் தரம் குறைந்ததுதான், ஆனால் அதைச் சரியான சூட்டில் வைத்து விற்றால் தின்றவருக்கு அன்றிரவு எதுவும் ஆகாது. நல்ல கோழிக்கறியை வைத்துக் கவனமாகச் செய்த, விலை கூடிய சாண்ட்விச்சை அரை நாள் வெளியே வைத்திருந்து விற்றால் அதுதான் ஆளைப் படுக்க வைக்கும்.

ஆகவே மலிவு என்பது தரத்தைப் பற்றிய செய்தி. ஆபத்து என்பது பெரும்பாலும் நேரத்தையும் வெப்பநிலையையும் பற்றிய செய்தி. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பதால், இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? அங்கேயே சமைக்கிறார்களா?

பெரும்பாலும் அங்கே சமைப்பதில்லை. தொலைவில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் ஆயிரக்கணக்கில் செய்து, உறைய வைத்தோ குளிரூட்டியோ அனுப்புகிறார்கள். கடையில் நடப்பது பிரிப்பது, சூடாக்குவது, அடுக்குவது ஆகிய மூன்றுதான். மொத்தமாகச் செய்வதால் விலை குறைகிறது. இறைச்சியின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாவுப்பொருளும் நீரும் சோயாப் புரதமும் சேர்வதால் இன்னும் குறைகிறது.

கவனிக்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. எரிபொருள் விற்பனையில் லிட்டருக்குக் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது என்பதால், இத்தகைய கடைகள் பல இடங்களில் உள்ளே விற்கும் உணவையும் பானத்தையும் நம்பித்தான் நடக்கின்றன. அதே வேளையில் ஆட்கள் குறைவு. பணம் வாங்குகிறவரே சூடேற்றும் பெட்டியை நிரப்புகிறார், சரக்கை இறக்குகிறார், கழிப்பறையையும் கழுவுகிறார். உணவின் தரத்தைவிட இந்த ஏற்பாடுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக வைத்திருக்கிறார்கள். சூடாக இருப்பது எப்படிக் கெடும்?

சூடாக இருந்தால் கெடாது. வெதுவெதுப்பாக இருந்தால் கெடும். ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. இதனால்தான் சூடான உணவை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பநிலையை நாடுகள் விதியாகவே வகுத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அது 60 டிகிரி, பிரிட்டனில் 63 டிகிரி, அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பில் 57 டிகிரி. எண்கள் சிறிது வேறுபட்டாலும் அவற்றின் பொருள் ஒன்றே: கையில் பிடித்தால் சுட வேண்டும், இதமாக இருக்கக் கூடாது.

அந்தக் கண்ணாடிப் பெட்டி அடுப்பு அன்று என்பதைப் பலர் அறிவதில்லை. ஏற்கெனவே நன்றாகச் சூடாகிய பொருளின் சூட்டைக் காப்பதற்காக மட்டுமே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததை நேரே அதற்குள் வைத்தால், அது பல மணி நேரம் 30 டிகிரியிலும் 40 டிகிரியிலும் தவழ்ந்துதான் மேலே ஏறும். இறைச்சி உணவுகளில் காணப்படும் க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் நுண்ணுயிரிக்கு 43 முதல் 47 டிகிரி வரையிலான சூடு மிகவும் உகந்தது. அந்தச் சூட்டில் அது பத்து நிமிடங்களுக்குள் இரு மடங்காகப் பெருகக்கூடியது. பெட்டிக்குள் எரியும் மஞ்சள் விளக்கு உணவை எப்போதும் சூடானதாகவே காட்டும். அந்த வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

ஒரு பொருள் எத்தனை மணி நேரம் அப்படி இருக்கலாம்?

உரிய சூட்டில் இருக்கும்வரை பாதுகாப்புக்குக் குறைவில்லை, சுவைதான் போகும். சுழலும் உருளைகளின் மேல் காலையிலிருந்து உருண்டுகொண்டிருக்கும் சாசேஜின் தோல் சுருங்கித் தடித்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அது தரக்குறைவே தவிர நஞ்சு அன்று. உருளைகள் போதிய சூட்டில் இல்லாவிட்டால் மட்டும் கதை மாறும்.

வெப்பநிலை தவறிய உணவுக்கு ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படும் ‘இரண்டு மணி, நான்கு மணி’ விதி எளிமையானது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு இருந்த மொத்த நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் அதை மீண்டும் குளிரூட்டலாம் அல்லது உடனே தின்னலாம். இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்டால் உடனே தின்றுவிட வேண்டும், திரும்ப வைக்கக் கூடாது. நான்கைத் தாண்டினால் குப்பைதான். இங்கே ‘மொத்த நேரம்’ என்ற சொல் முக்கியமானது. தொழிற்கூடத்தில் அரை மணி, வண்டியில் ஒரு மணி, கடையில் இறக்கிவைத்து மறந்த ஒரு மணி என எல்லாம் கூட்டலில் சேரும்.

மைக்ரோவேவில் நன்றாகச் சூடு காட்டிவிட்டால் கிருமி எல்லாம் செத்துவிடாதா?

கிருமி சாகும், ஆனால் கிருமி விட்டுச்சென்றது எல்லா நேரமும் சாகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது நம் தோலிலும் மூக்கிலும் இயல்பாக வாழும் நுண்ணுயிரி. கையால் தொட்டுச் செய்த உணவில் அது ஏறி, வெளியே கிடந்த சில மணி நேரத்தில் பெருகி, நஞ்சைச் சுரந்துவிட்டால், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. சோற்றிலும் மாவுணவிலும் பெருகும் பேசிலஸ் சீரியஸ் சுரக்கும் வாந்தி நஞ்சோ 121 டிகிரியைக்கூடத் தாங்கி நிற்கும். ஊசிப்போனதைச் சுட வைத்தால் நமக்குக் கிடைப்பது சூடான ஊசல் மட்டுமே.

இதற்கு நேர்மாறாக, போட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நஞ்சு 85 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினாலே அழிந்துவிடும். ஆகவே ‘சூடாக்கினால் போதும்’ என்பதும் ‘சூடாக்கிப் பயனில்லை’ என்பதும் இரண்டுமே அரைகுறை உண்மைகள். அதோடு மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்குவதில்லை. ஓரம் நாக்கைச் சுடும்போது நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். பொட்டலத்தில் ‘சூடாக்கியபின் ஒரு நிமிடம் வைத்திருக்கவும்’ என்று அச்சிட்டிருப்பது அந்தச் சூடு உள்ளே பரவுவதற்காகத்தான்; வாய் வெந்துவிடுமே என்ற அக்கறையால் மட்டும் அன்று.

குளிர்ப்பெட்டியில் இருக்கும் சாண்ட்விச் பரவாயில்லையா?

சூடான பெட்டியைவிட நான் இதை நம்புவேன், சில நிபந்தனைகளோடு. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பல நாடுகளின் வரம்பு. பிரிட்டனில் சட்டம் 8 டிகிரி வரை இடம் கொடுக்கிறது. கதவில்லாமல் முன்புறம் திறந்திருக்கும் குளிர்ப்பெட்டிகளில் பின்வரிசை குளிர்ந்திருக்க, முன்வரிசை அந்த வரம்பைத் தாண்டிவிடுவது சாதாரணம். பொருளை அளவுக்கு மேல் திணித்துக் காற்று வரும் துளைகளை அடைத்துவிட்டாலும் அதே கதிதான். முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து எடுப்பது கடைக்காரருக்கு எரிச்சலூட்டும் பழக்கம் என்றாலும் அதில் நியாயம் இருக்கிறது.

மற்றொரு சிக்கல் லிஸ்டீரியா. பெரும்பாலான நோய்க்கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்க, இது குளிர்ப்பெட்டிக்குள்ளேயே மெல்ல வளரும். ஆகவே பல நாள் ஆயுள் கொண்ட குளிர்ந்த உணவுகளில் காலக்கெடுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

தேதி முடிந்து ஒரு நாள்தானே ஆகிறது, சாப்பிடக் கூடாதா?

எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. ‘இதற்கு முன் உண்பது சிறந்தது’ என்னும் பொருளில் அச்சிட்ட தேதி, மொறுமொறுப்பையும் மணத்தையும் பற்றிய வாக்குறுதி. பிஸ்கட்டும் சிப்ஸும் அந்தத் தேதியைச் சிறிது தாண்டினாலும் நமத்துப்போகுமே தவிர நோய் தராது. ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்னும் பொருளில் அச்சிட்ட தேதி, சாண்ட்விச், சமைத்த இறைச்சி போன்ற விரைவில் கெடும் பொருள்களுக்கானது. அதைத் தாண்டினால் மணமும் நிறமும் நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் நோய் தரும் கிருமிகள் பலவும் வாடையைக் கிளப்புவதில்லை. ஊசல் வாடையைக் கிளப்புபவை வேறு நுண்ணுயிரிகள்.

அந்தத் தேதி, உணவு எப்போதும் உரிய குளிரில் இருந்தது என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் கடையில் அச்சிட்ட தேதி வெறும் எண்.

மயோனைஸ் போட்டது எதுவும் வாங்கக் கூடாது என்பார்களே?

மயோனைஸுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி அநியாயமானது. பச்சை முட்டையில் வீட்டிலோ கடையிலோ அடித்த மயோனைஸ் ஆபத்தானதுதான், சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் வாழக்கூடும். ஆனால் தொழிற்சாலையில் செய்து புட்டியில் வரும் மயோனைஸில் கிருமி நீக்கிய முட்டையும் போதிய வினிகரும் இருப்பதால், அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் வளர முடிவதில்லை. சாண்ட்விச்சில் உண்மையில் கெடுவது அதனோடு கலந்த கோழிக்கறியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும்தான். அவை மயோனைஸின் புளிப்பைத் தணித்தும் விடுகின்றன. கலவை நீண்ட நேரம் வெளியே இருந்ததா என்று பார்ப்பதே அறிவுடைமை.

பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதுதான் பெரிய கேடு இல்லையா?

அது பெரும்பாலும் அன்றைக்கே வயிற்றைக் கெடுப்பதில்லை, நாள்பட்ட கேடு. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் முனைவுச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் சேர்கின்றன. பல நாடுகள் இவற்றின் மொத்த அளவு 24 முதல் 27 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று விதித்திருக்கின்றன. வாங்குகிறவர் அதை அளக்க முடியாது, ஆனால் அறிகுறிகள் உண்டு: கடைக்குள் நுழையும்போதே கண்ணைக் கரிக்கும் புகை, எண்ணெயின் மேல் அடங்காமல் நிற்கும் நுரை, பொரித்த பண்டத்தில் பெயின்ட்டைப் போன்ற சிக்கு வாடை, அடிநாக்கில் தங்கும் கசப்பு. இரண்டு இருந்தாலே நான் திரும்பிவிடுவேன்.

மாறுபக்கக் கொழுப்பு எனப்படும் டிரான்ஸ் கொழுப்பு இன்னொரு விஷயம். பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் செய்த மலிவான பேஸ்ட்ரிகளிலும் கேக்குகளிலும் அது மிகுந்திருந்தது. 2003ஆம் ஆண்டு டென்மார்க் முதலில் கட்டுப்பாடு விதித்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் இதை ஒழிக்க அழைப்பு விடுத்தது. உட்பொருள் பட்டியலில் அப்படிப்பட்ட எண்ணெயின் பெயர் இருந்தால் வைத்துவிடலாம்.

மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, அவ்வளவு ரசாயனமா சேர்க்கிறார்கள்?

கெடாமல் இருப்பதற்கு ரசாயனம் மட்டுமே காரணம் அன்று. நீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிரி வளராது என்பதால் சிப்ஸும் பிஸ்கட்டும் உலர்ந்திருப்பதாலேயே நிலைக்கின்றன. சிப்ஸ் பையை உப்ப வைத்திருப்பது நைட்ரஜன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் துண்டுகள் நொறுங்காமலும் அது காக்கிறது. சாசேஜில் சேர்க்கும் நைட்ரைட் போட்டுலிசத்தைத் தடுக்கிறது என்பதும் உண்மை. அதே வேளையில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியதும் உண்மை. நாள்தோறும் 50 கிராம் தின்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்று அது கணித்தது. இது தினமும் தின்பவருக்கான கணக்கு. பயணத்தில் எப்போதோ தின்ற ஒரு ஹாட் டாக்கிற்காக அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் மூடிய பாக்கெட்டில் இருப்பதை மட்டும் வாங்கினால் முழுப் பாதுகாப்புதானே?

அன்றைய வயிற்றுக்குப் பாதுகாப்பு, ஆம். உப்பிப்போன குளிர்பொருள் பொட்டலம், துருப்பிடித்தோ புடைத்தோ போன டப்பா, ஓரம் பிரிந்த உறை ஆகியவற்றை மட்டும் தவிர்த்தால் போதும். உப்பிய சிப்ஸ் பையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

நாள்பட்ட நலத்துக்கு அதுவே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் மிகைப்பதப்படுத்திய உணவும் (தொழிற்சாலையில் பல படிகளில் மாற்றிச் செய்த உணவு) இரண்டு வாரம் இயல்பான உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்து, வேண்டிய அளவு உண்ணவிட்டார்கள். மிகைப்பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், எடையும் கூடினார்கள். பங்க் கடையின் அடுக்குகளில் பெரும்பகுதி இந்த வகைதான். உப்பைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு கோப்பை உடனடி நூடுல்ஸ் அதில் பெரும்பங்கைத் தனியாகவே விழுங்கிவிடக்கூடும்.

பெட்ரோல் வாடை சாப்பாட்டில் இறங்குமா?

கொழுப்பு வாடையை ஈர்க்கும் என்பதால் திறந்து வைத்த எண்ணெய்ப் பண்டத்தில் மணம் ஏறலாம், ஆனால் கடைக்குள் இருக்கும் மூடிய பொருள்களுக்கு அந்த அச்சம் வேண்டாம். உண்மையான வழி நம் கைதான். எரிபொருள் குழாயைப் பிடித்த கையோடு நேரே பர்கரைப் பிரிக்கிறோம். பெட்ரோலில் பென்சீன் உள்ளது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். போதாதற்கு அந்தக் குழாய்ப் பிடியை அன்று எத்தனை பேர் தொட்டார்களோ தெரியாது. கையில் தடவும் சானிட்டைசர் பெட்ரோலை அகற்றாது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு எதிராகவும் அந்த ஆல்கஹால் திரவம் சோப்பும் நீரும் தரும் அளவுக்குப் பலனளிப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சாஸ், உருக்கிய சீஸ் எல்லாம் நாமே அழுத்தி எடுத்துக்கொள்ளும் இயந்திரம் பாதுகாப்பானதா?

இந்த இடத்தில் ஓர் உண்மை நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் வால்நட் குரோவ் என்னும் சிற்றூரில், ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் விற்ற நாச்சோ சீஸ் சாஸைத் தின்ற 10 பேருக்குப் போட்டுலிசம் கண்டது, ஒருவர் இறந்தார். போட்டுலிசம் அரிய நோய். அது வர, காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் வேண்டும். பைக்குள் அடைத்த சீஸ் சாஸ், போதிய சூடின்றிப் பல நாள் இயந்திரத்தில் இருந்தால் இந்த நான்கும் ஒருசேர அமைந்துவிடுகின்றன.

தக்காளி சாஸும் கடுகுச் சாந்தும் புளிப்பானவை என்பதால் இந்த வரிசையில் வருவதில்லை. சீஸ், குழம்பு போன்றவற்றில் இயந்திரத்தின் வாய்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே காய்ந்து அடுக்கடுக்காய்ப் படிந்திருந்தால் உள்ளேயும் நெடுநாளாக யாரும் கழுவவில்லை என்று கொள்வது நியாயமான ஊகம். குளிர்பான இயந்திரத்தின் முனைக்கும் பனிக்கட்டிப் பெட்டிக்கும் இதே அளவுகோல்.

மதியம் பங்க்கில் சாப்பிட்டேன், ராத்திரி வாந்தி. அதுதானே காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியாகத் தின்றதன் மேல் பழி போடுவது மனித இயல்பு, ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கென்று ஒரு கால அளவு உண்டு. மீள்சூட்டைப் பற்றிய விடையில் சொன்ன ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியையும் பேதியையும் தரும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை. ஆகவே நேற்றைக்கு முந்தைய நாள் வீட்டில் உண்ட முட்டை குற்றவாளியாக இருக்க, பங்க் சாண்ட்விச் பழியைச் சுமப்பதும் நடக்கிறது.

பேதியில் இரத்தம், கடுங்காய்ச்சல், நீர்கூட வயிற்றில் தங்காத நிலை இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமை ஆகியவை போட்டுலிசத்தின் அறிகுறிகள். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உடன் வந்தால்?

கர்ப்பிணிகள், முதியோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தோர் ஆகியோர் குளிர்ப்பெட்டி சாண்ட்விச்சையும் சூடாக்காத சாசேஜையும் மென்மையான சீஸையும் முற்றிலும் தவிர்ப்பது நல்லது. காரணம் லிஸ்டீரியா. தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தோன்றும் அது கருச்சிதைவு வரை கொண்டுபோகக்கூடும்; தின்று பல வாரம் கழித்தும் வெளிப்படலாம். குழந்தைக்கு வாழைப்பழம் போலத் தோலுரித்துத் தின்னும் பழமும் மூடிய நீரும் வாங்குவதே எளிது. வெட்டி வைத்த பழம் வேண்டாம். வெட்டிய கணத்திலிருந்து அதுவும் சமைத்த உணவைப் போலக் குளிரில் இருக்க வேண்டிய பொருள்தான்.

இரவு இரண்டு மணி, வேறு கடையே இல்லை, பசிக்கிறது. என்ன வாங்குவீர்கள்?

வறுத்த கடலை அல்லது பருப்பு, முழுப்பழம், மூடிய தயிரோ பாலோ குளிர்ந்திருந்தால் அது, ரொட்டி. சூடாக ஏதாவது வேண்டுமென்றால் உடனடி நூடுல்ஸில் கொதிநீர் ஊற்றித் தின்பேன். உப்பு மிகுதி என்று தெரிந்தேதான். கண்ணாடிப் பெட்டிப் பண்டத்தை இரவு இரண்டு மணிக்கு வாங்க மாட்டேன். அது கெட்டது என்பதால் அன்று, அந்த நேரத்தில் விற்பனை மந்தம் என்பதால். எட்டு மணிக்கு வைத்ததாக இருக்கலாம். அதே பண்டத்தைக் காலை நெரிசலில், வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் வாங்கிப்போகும்போது, தயங்காமல் வாங்குவேன்.

பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருந்தால் நம்பலாமா?

பெயர்ப்பலகை தொழிற்கூடத்துக்கு உத்தரவாதம் தரும், கடைசி முப்பது அடிக்குத் தராது. பல இடங்களில் கடையை நடத்துபவர் தனி ஒப்பந்தக்காரர். பெயர் மட்டுமே நிறுவனத்துடையது. இருப்பினும் பெரிய நிறுவனங்கள் வெப்பநிலைப் பதிவேடு வைக்கச் சொல்வதும் அவ்வப்போது சோதிப்பதும் உண்டு என்பதால் அது ஓரளவு நன்மையே. பதிவேட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரே எண்ணும் ஒரே மையும் இருந்தால் அதை ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன். நேரம் கடந்ததை எறியாதே என்று முதலாளி சொல்கிறார். நான் என்ன செய்வது?

இந்தத் தொகுப்பில் விடை சொல்லக் கடினமான கேள்வி இது, ஏனெனில் எறிந்தால் உங்கள் வேலை, எறியாவிட்டால் யாரோ ஒருவரின் வயிறு. முதலில், வைக்கும்போதே நேரத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதிய நேரம் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குகிறவரே கேட்பார், முதலாளியும் தயங்குவார். அடுத்து, ஒரு தடவையில் குறைவாக வைத்து அடிக்கடி நிரப்புங்கள்; எறிவது குறைந்தால் தகராறும் குறையும். இதை இழப்பைக் குறைக்கும் யோசனையாக முன்வைத்தால் மறுப்பது அவருக்குக் கடினம். மூன்றாவதாக, நேரம் கடந்ததைக் கழித்தும் வெட்டியும் வேறு பண்டத்துக்குள் ஒளித்து விற்கச் சொன்னால் அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். சொன்னதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தெரிவிக்கலாம்; பெயர் சொல்லாமல் புகார் தர வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

உங்களுக்கே வாந்தியோ பேதியோ இருக்கும் நாளில் உணவைத் தொடாதீர்கள், நின்ற பிறகும் இரண்டு நாள். சம்பளம் பிடிப்பார்கள் என்பதால் இதைப் பலர் மறைக்கிறார்கள் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

பத்து வருடமாக அங்கேதான் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாமல் இருப்பதுதான் வழக்கம். வெப்பநிலை தவறிய ஒவ்வொரு உணவும் நோய் தருவதில்லை. அதில் கிருமி ஏறியிருக்க வேண்டும், பெருக நேரம் கிடைத்திருக்க வேண்டும், போதிய அளவு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்துவது அரிது. தவிர, ‘பயணக் களைப்பு’ என்றும் ‘வெயில் சூடு’ என்றும் நீங்கள் தள்ளிவிட்ட சில வயிற்றுவலிகளுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். எந்த வலிக்கு எது காரணம் என்று யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை.

நீங்கள் பத்து ஆண்டுகளாகப் போகும் கடை நெரிசலான கடையாக, பழக்கமான ஆள் கவனித்துக்கொள்ளும் கடையாக இருந்தால் உங்கள் அனுபவம் வியப்பானதும் அன்று. அந்த ஆள் மாறிவிட்டாரா என்று மட்டும் அடுத்த முறை பாருங்கள்.